கம்பளிக்கு வைத்த பொட்டு

என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய கட்டக் காகிதங்களுக்கு அடியில், பழுப்பு நிறப் பொட்டலக் காகிதம் ஒன்று எட்டாக மடித்துக் கிடக்கிறது. விரித்தால் மேசை கொள்ளாது. இரண்டு ஓரங்களிலிருந்தும் ஒரு சாண் உள்ளே தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொட்டுகள். ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது வெற்றிலைக் கறை மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் எண்ணெய் படர்ந்து காகிதம் அங்கே மட்டும் கண்ணாடிபோல் இருக்கிறது. ஒரு பொட்டிலிருந்து மற்றதற்குக் கரித்துண்டால் ஒரு கோடு. கோணல் கோடு. அதை இழுத்தவர் விழுப்புரம் காகித மில்லின் மெஷின் மேஸ்திரி. அந்தக் கோணலால்தான் என் குடும்பம் திண்டிவனத்தில் நிலைத்தது என்று சொன்னால் என் மகள்கள் இன்றும் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். காகித மில்லில் கம்பளி என்றால் போர்த்திக்கொள்கிற சமாசாரம் இல்லை. வைக்கோலை வேகவைத்து அரைத்த கூழ், சல்லடையில் படிந்து, சொதசொதவென்று தாளாக வரும். அந்த ஈரத் தாளைத் தன் முதுகில் வாங்கி, இரண்டு கனத்த உருளைகளுக்கு நடுவே கொண்டுபோய்ப் பிழிந்து, தண்ணீரைத் தான் குடித்துக்கொண்டு தாளை அடுத்த பக்கம் அனுப்பும் துணிதான் கம்பளி. அதற்கு முனையே கிடையாது. வளையமாக நெய்தது, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த அந்தச் சரக்கு, அப்போது வருவதே அரிதாகிவிட்டது. திண்டிவனத்தில் கூடாரத் துணி நெய்துகொண்டிருந்த ஒருவருக்கு, நாமே நெய்தால் என்ன என்று தோன்றியது. சென்னையில் ஒரு ஜவுளி மில்லில் நிரந்தர வேலையில் இருந்த என்னை வடிவமைப்புக்கு அழைத்தார். அது மனைவியின் பிறந்த ஊரும்கூட. வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து சேர்ந்தேன். முப்பது வயதில் அந்தத் துணிச்சலெல்லாம் வரும்.

எத்தனை நூல் பாவு, எத்தனை நூல் ஊடை, எது எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்க வேண்டும் என்று கட்டக் காகிதத்தில் கறுப்புக் கட்டம் நிரப்பிக் காட்டுவது என் வேலை. இறுக்கி நெய்தால் தண்ணீர் இறங்காது. தளர்த்தி நெய்தால் துணி நீண்டுவிடும். மேல்பக்கம் முரடாக இருந்தால் நெசவின் தடம் தாளில் விழும். நெய்ததைச் சோப்புத் தண்ணீரில் அடித்து அடித்துச் சுருக்க வேண்டும் என்பதால், எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணித்து அந்த அளவு பெரிதாக நெய்ய வேண்டும். மாதிரிக்கு எனக்குக் கிடைத்ததோ, தேய்ந்துபோன சீமைக் கம்பளியிலிருந்து வெட்டிய ஒரு முழத் துண்டு. பூதக்கண்ணாடியும் ஊசியுமாக உட்கார்ந்து அதை நூல் நூலாகப் பிரித்தேன். அதில் இருந்தது அத்தனையும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் இல்லாததும் ஒன்று இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

தறி முதலாளி நல்ல மனிதர், ஆனால் பேச்சை மடித்துப் பேசத் தெரியாதவர். முதல் கம்பளி தறியில் ஏறிய அன்றே சொல்லிவிட்டார்: “இது ஓடுச்சின்னா மேல பாப்போம் சார். ஓடலைன்னா தறிய மாத்திக்கினு பழையபடி கூடாரத் துணிக்கே போயிடுவேன்.” கூடாரத் துணிக்கு வடிவமைப்பாளர் எதற்கு?

அளவெடுக்க விழுப்புரம் போனபோதுதான் மேஸ்திரியைப் பார்த்தேன். முகையூர்ப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஈரத் துண்டு. அந்த மில்லில் அவர் பொட்டு வைக்காத சாமான் இல்லை. மோட்டாருக்குப் பொட்டு, கூழ்த் தொட்டிக்குப் பொட்டு, ஏணிக்குக்கூடப் பொட்டு. வெள்ளிக்கிழமை வந்தால் கட்டைவிரலால் மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டே போவார். “மேஸ்திரி, கம்பளி வந்ததும் அதுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் தண்ணி இறங்காது. கறையும் தாளில் விழும்” என்றேன். “நீங்க வேணாம்னா வேணாம் சார்” என்றார். பிறகு என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கோடு எங்க சார்?” என்று கேட்டார்.

சீமைக் கம்பளியில் அகலவாட்டில் ஒரு நீலக் கோடு இருக்குமாம். என் முழத் துண்டில் அப்படி எதுவும் இல்லை. வேட்டிக்குக் கரை போடுவதுபோல் கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், “நீங்க கட்டிக்கவா போறீங்க, கரை கேக்கறீங்க?” என்று கிண்டலும் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கம்பளி தயாரானது. அதை மடித்துச் சாக்கில் வைத்துத் தைத்த அன்று, மனைவி தறிக் கொட்டகைக்கே மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் லாரிக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மூட்டை தைத்து முடிந்திருந்தது. அவள் தூக்குச் சட்டியோடு எனக்காகக் காத்திருந்தாள்.

மில்லில் கம்பளியை ஏற்றிய நாள் காலை, கூழ் விட்டு மெஷினை ஓட்டியதும் தாள் அழகாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பழுப்புத் தாளில் இரண்டு சிவப்புப் பொட்டு வந்தது. கம்பளி ஒரு சுற்றுச் சுற்றியதும் மறுபடியும் இரண்டு பொட்டு. அதற்கடுத்த சுற்றிலும் இரண்டு. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மதியத்துக்குமேல் உண்மையான வில்லங்கம் ஆரம்பித்தது. கம்பளியில் குறுக்குமறுக்காகச் சுருக்கம் விழுந்தது. சுருக்கம் உருளைக்குள் போகும்போதெல்லாம் தாள் கிழிந்தது. அப்படியே விட்டால் அந்த மடிப்பு படிந்துபோய்க் கம்பளியே பாழாகிவிடும். மில் முதலாளி வந்தார். “உங்க நெசவுல ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி. பழைய கம்பளி ஒட்டுப்போட்டதா இருந்தாலும் ஓடுச்சு இல்ல? இதை இறக்கிடுங்க” என்றார். கட்டக் காகிதம், தறி, இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் என் கண்முன் ஒன்றாகச் சரிந்தன. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? எல்லார் எதிரிலும் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியும் எண்ணெயைத் தடவிவிட்டீர்கள், எண்ணெய் பட்ட இடம் தண்ணீர் குடிக்காமல் இழுக்கிறது, உங்கள் பக்தியால் என் பிழைப்பு போகிறது என்று என்னென்னவோ கத்தினேன்.

அவர் மெஷின் பக்கம் போனார். இரண்டு பொட்டும் சேர்ந்து வரும் இடமாகப் பார்த்துத் தாளை முழு அகலத்துக்கு வெட்டித் தரையில் விரித்தார். பாய்லர் பக்கம் போய் ஒரு கரித்துண்டு எடுத்துவந்து, பொட்டுக்கும் பொட்டுக்கும் கோடு இழுத்தார்.

“பாருங்க சார். ஜோடியா வரல. வலது கை பக்கம் முந்திக்கினு போவுது.”

குனிந்து பார்த்தேன். வலப்பக்கப் பொட்டு நாலு விரல் முன்னால் இருந்தது.

“வெச்சவங்க ஒரே மடிப்புல நேரா வெச்சிருக்காங்க. மூட்டைய பிரிக்கறப்பவே பாத்தேன். சீமைக் கம்பளியில இருக்குதே நீலக் கோடு, அது வளைஞ்சா ரோலு கோணல்னு அர்த்தம். ஒங்களுதுல கோடு இல்ல. அதான் பொட்டை அழிக்காம வுட்டேன். ஒங்க நெசவு நல்லாத்தான் சார் கீது. ரோலுதான் ஒரு பக்கம் எறங்கியிருக்கும். பழைய கம்பளி அந்தக் கோணலுக்கே பழகிப்போச்சு.”

மில் முதலாளி கிட்டே வந்து கோட்டைப் பார்த்தார். இறக்கச் சொன்னதை அவர் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் மேஸ்திரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. “ஜல்தியா ஸ்பானர் எடுங்கடா” என்று ஆட்களை அழைத்து மெஷினை நிறுத்தினார். கீழ் உருளையின் வலப்பக்கத் தாங்கியில் போல்ட் தளர்ந்து, உருளை அரை விரல் நகர்ந்திருந்தது. அதை நகர்த்தி இறுக்கி மறுபடி ஓட்டினார். ஒரு தாள் வெட்டிக் கோடு போட்டார், இரண்டு விரல். மறுபடி நிறுத்தி நகர்த்தினார். அடுத்த தாளில் ஒரு விரல். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பொட்டும் ஒன்றுக்கொன்று நேராக, கல்யாணப் படம்போல வந்து நின்றன. சுருக்கம் போன இடம் தெரியவில்லை. மில் முதலாளி, “ஓடட்டும்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவர் முதலில் வெட்டிய கோணல் தாளை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்து, சாப்பாட்டில் உட்கார்ந்தபடி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியின் சாமர்த்தியத்தைச் சொன்னேன். பொட்டு வைத்ததற்கு அவரைத் திட்டியதையும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, அவரு வெக்கலிங்க. நான்தான் வெச்சேன்.”

மூட்டை தைக்கும்போது அவளே வைத்தாளாம். “வெளியூருக்கு அனுப்பறோம். மொத மொதல்ல போவுது. வெறும் நெத்தியாவா அனுப்புவாங்க? வழியில உதிரக்கூடாதுன்னு நல்லெண்ணெயில கொழைச்சு வெச்சேன்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அந்த மனுஷன் ஏங்க சும்மா இருந்தாரு?” என்று கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் வண்டியிலேயே விழுப்புரம் போனேன். மேஸ்திரி வைக்கோல் வண்டிகளை எண்ணிக்கொண்டு வாசலில் நின்றார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகள். அவற்றை ஓட்டிவந்தவர்கள் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டேன். திட்டியது ஊரறிய, மன்னிப்பு மட்டும் ரகசியமாக எதற்கு?

“வெச்சது யாருன்னு தெரியும் சார்” என்றார். “நாங்க வெச்சா கட்டவெரலால அப்புவோம். அது மோதிர வெரல்ல வெச்ச பொட்டு. பொம்பளைங்க கை.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“அவ்ளோ பேரு எதிர்ல ஒங்க வூட்டம்மாவையா இழுக்கறது? நமக்குத் திட்டு வாங்கி வாங்கிப் பழக்கம் சார். அவங்க வெக்கலைன்னா நேத்து கம்பளி எறங்கியிருக்கும்.”

எண்ணுவது விட்டுப்போய்விட்டது என்று அலுத்துக்கொண்டு அவர் வண்டிகளை முதலிலிருந்து எண்ணினார். நானும் கூட நின்று எண்ணினேன்.

பொட்டு விழுந்த அந்தக் காகிதச் சுருளும் வீணாகவில்லை. பொட்டலக் கடைகளுக்குப் போனது; விழுப்புரம் ஸ்டேஷனில் கொஞ்ச நாள், அந்தப் பக்கம் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை விற்ற கூம்புகளில் அங்கங்கே சிவப்புப் பொட்டு இருந்தது. வாங்கியவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்திருப்பார்கள்.

கம்பளி அந்த மெஷினில் நன்றாக உழைத்தது. திண்டிவனத்துத் தறி பிரிக்கப்படவில்லை. பக்கத்தில் இன்னொன்றும் வந்தது. அடுத்த கம்பளியின் வரைபடத்தில், சாயம் போகாத நீல நூல் ஒன்றை அகலத்துக்கும் ஓடவிட்டேன். இப்போது கோடு இருக்கிறதே என்று வீட்டுக்காரியையும் கொட்டகைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூட்டை போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் மேஸ்திரியிடமிருந்து ஆள் வந்தார்: கோடு வந்துவிட்டதாம், பொட்டு எங்கே என்று கேட்கச் சொன்னாராம். அதன் பிறகு நான் வேலையிலிருந்த காலம் முழுவதும் ஒரு கம்பளிகூட அவள் பொட்டில்லாமல் திண்டிவனத்தை விட்டுப் போகவில்லை. வெளிச்சாக்கின்மேல், எண்ணெய் இல்லாமல், வெறும் குங்குமம்.

போன வாரம் இந்தத் தாளை விரித்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பொட்டு மனைவியுடையது, கோடு மேஸ்திரியுடையது. என்னுடையது என்று அதில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதல்முறையாகத் தேடினேன். வெயில் பக்கவாட்டில் பட்டபோது, தாள் முழுவதும் நெசவின் தடம் மெல்லத் தெரிந்தது. கம்பளியின் மேல்பக்கத்தை இன்னும் மிருதுவாக்கியிருக்க வேண்டும். அது என் தவறுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனைவியும் வந்து குனிந்து பார்த்தாள். தன் மோதிர விரலை ஒரு பொட்டின்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

“நான் நேராத்தான் வெச்சேன்” என்றாள்.