அழித்து எழுதிய விடைகள்

என் மகளுக்கு மூன்றரை வயதிருக்கும்போதே இலுப்பூர் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டாமல் படித்துக்கொண்டு வருவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்.கே.ஜி.யில் சேர்த்த இரண்டாவது மாதம் டீச்சர் என்னை வரச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மத்த புள்ளைங்க 'அ' போடுதுக. இது அதுக்குள்ள எந்திரிச்சு வந்து என் மேசையில கெடக்குற பேப்பரப் படிக்குது. இதுக்கு நான் என்னத்தங்க சொல்லிக்குடுக்க? வேற நல்ல ஸ்கூலாப் பாருங்க."

கணவர் மஸ்கட்டில் வேலையிலிருந்தார். யு.கே.ஜி. முடியும்வரை அங்கேயே இருக்கட்டும், பிறகு வேறு பள்ளி பார்க்கலாம் என்று போனிலேயே பேசி முடிவெடுத்தோம். அவளுக்கு ஐந்து வயது நெருங்கும்போது புதுக்கோட்டையில் மூன்று பள்ளிகள் ஏறி இறங்கினேன். இரண்டில் பிறந்த தேதியைப் பார்த்ததுமே வயது போதாதென்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது பள்ளியில் தலைமையாசிரியை ஒரு தமிழ்ப் புத்தகத்தை நீட்டினார். கடகடவென்று படித்தாள். கணக்குக் கொடுத்தார். போட்டாள்.

"செகண்ட் ஸ்டாண்டர்டுலயே போட்டுரலாங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

காலை ஏழு மணிக்கு வேன் வரும். வகுப்பில் எல்லோரும் அவளைவிட ஒரு தலை உயரம். ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிப்பவளுக்கு டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க வரவில்லை. பாத்ரூம் போகணும் என்று கேட்கப் பயந்து யூனிபார்மை நனைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். விளையாட்டில் சேர்க்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் இருந்துவிட்டேன்.

காலாண்டுத் தேர்வுத் தாள் வந்தது. கணக்கில் பாதிக்கு மேல் தப்பு. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தப்பு விடைக்கும் அடியில், ரப்பர் வைத்து அழித்த தடத்தில், சரியான விடை தெரிந்தது.

"ஏன் தங்கம் அழிச்ச?"

தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அப்புறம் சொன்னாள்: "ஒண்ணும் தெரியாதுன்னாத்தாம்மா அந்த அக்காங்க வெளயாடச் சேத்துக்குவாங்க."

"சேத்துக்கிட்டாங்களா?"

"இல்லம்மா."

அரையாண்டு வரை காத்திருக்கவில்லை. நிறுத்திவிட்டேன். கணவர் போனில் கத்தினார்.

"அவனவன் புள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு அழுகுறான். ஒனக்கு ஏறுனதுதான் கொறையாப் போச்சா?"

அழுகைதான் வந்தது.

இப்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. எல்லோரும் அவள் வயதுப் பிள்ளைகள். கைகோத்து நடக்க ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். டீச்சர் நல்லவர், பெரிய வகுப்புப் புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தனுப்புகிறார். அவை பைக்குள்ளேயே கிடந்து, பிரிக்காமல் திரும்பிப் போகின்றன.

போன வாரம் அந்த டீச்சர் என்னிடம் சொன்னார்:

"கேள்வி கேட்டா பக்கத்துப் புள்ள மொகத்தப் பாக்குதுங்க. அது சொல்லலைன்னா இதுவும் சொல்ல மாட்டேங்குது. ஆனா இதுக்குத் தெரியுங்க. கண்ணப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"டாக்டர் யார்ட்டயாச்சும் காட்டணுமா டீச்சர்?"

"நோயாங்க இது? பயந்து போயிருக்கு. கொஞ்ச நாளைக்கு அதும்போக்குல விடுங்க."

எத்தனை நாளைக்கு என்று கேட்க நினைத்தேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.