அசையாத புருவம்

என் மனுஷன் பொய் சொன்னால் இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறும். யுத்தத்தில் புலிகள் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டு விரட்டியபோது, "ஒரு கிழமையில திரும்பிடலாம்" என்றார். புருவம் ஏறியது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. யுத்தம் முடிந்து எத்தனையோ பேர் திரும்பிப் போயும் நாங்கள் புத்தளத்திலேயே இருக்கிறோம்.

அவருக்குப் பார்க்கின்சன் வருத்தம் வந்து முதலில் கை நடுங்கியது. பிறகு முகம் இறுகியது. அது வருத்தத்தின் குணம் என்று டொக்டர் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்; அந்த முகத்தோடு குடியிருப்பது நானல்லவா? கோபமா, சந்தோஷமா, பொய்யா, ஒன்றும் தெரியாது. சுவரோடு கதைப்பது போல இருக்கும்.

அந்த நேரத்தில்தான் இந்த வருத்தக்காரருக்கென்று தாய் சி வகுப்பு தொடங்கியது. சீனத்துப் பயிற்சியாம், மெதுவாகக் கை கால் அசைத்துப் பழகினால் விழாமல் நடக்கலாமாம். ஆமை நடை நடக்கிற மனுஷனுக்கு இன்னும் மெதுவாக அசையப் படிப்பிக்கிறார்களா? அதுவும் படிப்பிப்பது ஒரு சிங்கள மிஸ், இளம் பிள்ளை. வகுப்பு நாளில் இவர் சேர்ட்டை அயன் பண்ணச் சொல்வார், அத்தர் பூசுவார். வீட்டுக்கு வருவதும் வர வரப் பிந்தியது.

"என்ன செஞ்சீங்க இவ்வளவு நேரம்?"

"ஒண்டுமில்ல புள்ள, கையக் கால ஆட்டினம்."

புருவத்தைப் பார்த்தேன். அசையவில்லை; இறுகிய முகத்தில் எப்படி அசையும்? எதையோ மறைக்கிறார் என்றே பட்டது.

ஒருநாள் இன்னொரு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். களப்புத் தண்ணீர் ஓரத்து மண்டபம். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போக, இவர் மட்டும் நின்றார். மிஸ் ஒரு பாயை விரித்தாள். இவர் அதில் முழந்தாளிட்டுக் குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்தார்.

"நானா, பாரத்த ஒரு பக்கம் மாத்துங்க. பொறகு மத்தக் கால்," என்றாள் மிஸ், சொந்தத் தமையனைக் கூப்பிடுவது போல, தொடாமலே. எழும்பப் பார்த்தவர் சரிந்து விழுந்தார். மறுபடியும் குனிந்தார்.

வீட்டில் தொழும்போது, அதேபோல நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதிலிருந்து அவரைத் தூக்கிவிடுவது நான்தான். ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் வந்த சுவடே தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு, அந்தி மஃரிப் தொழுகையில் வழக்கம்போலக் கை நீட்டினேன். என் கை படுமுன்னே பாரத்தை ஒரு பக்கம் மாற்றி, மற்றக் காலை ஊன்றி, தானே எழும்பி நின்றார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"இவ்வளவு பெரிய காரியம் செஞ்சிட்டு, மொகத்தில ஒரு சிரிப்பக் காணல்லியே?"

"நான் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கன், புள்ள."

கிட்டப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் நம்பினேன்.