மூன்று தடவை செத்த தக்காளி நாற்று

அவர் இருபத்தெட்டு வருடம் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருபவர்களை ஓட்டச் சொல்லிப் பார்த்து மார்க் போட்டவர். ஊரில் பாதிப் பேரை முதல் தடவையே திருப்பி அனுப்பியதால் 'ஃபெயில் சார்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தத் தங்கையைக்கூட இரண்டு முறை ஃபெயிலாக்கினார். ஓய்வு பெற்றதும் குறை சொல்ல ஆள் கிடைக்காமல் மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே உலாத்தினார். பிறகு, பால்கனியில் காய்கறி வளர்க்கப் போவதாக அறிவித்தார்.

குளிர் இன்னும் விட்டபாடில்லை. கீழ்வீட்டில் இருந்த தங்கை, முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், "இன்னும் மூணு வாரம் போகட்டும்ணா" என்றாள்.

"அதனாலதான் நீ எல்லாத்துலயும் லேட்டு" என்றார்.

நாற்பது தக்காளி விதைகளைத் தட்டில் ஊன்றி ஜன்னலோரம் வைத்தார். கண்ணாடி ஐஸ் மாதிரி இருந்தது. பத்து நாளாகியும் மண்ணில் அசைவில்லை. பொறுக்க முடியாமல் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு விதையாகத் தோண்டிப் பார்த்தார். அப்போதுதான் முளைவிடத் தொடங்கியிருந்த நாலைந்தும் ஒடிந்தன. விதை மட்டம் என்று கடைக்காரருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார்.

கடைக்காரர் நல்ல மனிதர். வேறு பாக்கெட் அனுப்பி, முளைக்கச் சூடு வேண்டும் என்று துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். சார் அதையும் விதைத்து, தட்டைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். ஆறாம் நாள் முளைத்தன. அங்கே சூடு இருந்தது, வெளிச்சம் இல்லை. ஒரே வாரத்தில் நாற்றுகள் தையல்நூலாக நீண்டு சாய்ந்தன.

"வளர்ச்சியைப் பாத்தியா?"

மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள். "அது வளர்ச்சி இல்லைங்க. வெளிச்சம் எங்கேன்னு எட்டிப் பாக்குது."

அவருக்குச் சுருக்கென்றது. தாகத்தில்தான் சாய்கின்றன என்று சாதித்து, தினம் மூன்று வேளை தண்ணீர் விட்டார். நாலாம் நாள் தண்டுகள் அடியில் கறுத்து அழுகி வரிசையாகப் படுத்துவிட்டன.

மூன்றாவது தட்டுக்கு மேஜைவிளக்கு கிடைத்தது. நாற்றுகளும் தேறின. முதல் வெயில் அடித்த அன்றே, ஒரேயடியாக, அத்தனையையும் பால்கனிக்குத் தூக்கினார். "கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும்ணா" என்ற குரல் கீழேயிருந்து வந்தது. காதில் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் இலைகள் வெளுத்துப்போயின. உள்ளே எடுத்து வைக்கவும் மறந்தார். காலையில் உறைபனி மிச்சத்தையும் முடித்திருந்தது.

அன்று அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மனைவிக்கே பயமாகிவிட்டது.

மத்தியானம் கீழே இறங்கினார். தங்கை வீட்டு ஜன்னலில், காலி தயிர்க்கப்புகளில், குட்டையாகக் கரும்பச்சையில் நாற்றுகள் நின்றன. அவரைவிட ஒரு மாதம் பிந்தி விதைத்தவை.

"உனக்கு இடம் பத்தாதே. ஆறு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க. நான் சொல்றப்பதான் தண்ணி."

தலையாட்டினார். ஆச்சரியம், சொன்னபடியும் கேட்டார்.

கோடையில் பால்கனி முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தக்காளி. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்து வாயைப் பிளந்தார். சார் நாற்காலியில் நிமிர்ந்துகொண்டார். சீக்கிரம் விதைப்பது, ஃப்ரிட்ஜ் மேல் சூடு, வேளை தவறாமல் தண்ணீர் என்று தன் முறையை அரைமணி நேரம் விளக்கினார். நண்பர் பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் அத்தனையும் எழுதிக்கொண்டார். இரவல் வாங்கிய பக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்த தங்கை கதவோரம் நின்று முழுவதும் கேட்டாள். இப்போது போட்டு உடைப்பாள் என்று மனைவி காத்திருந்தாள். அவளோ பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தக்காளிகளைப் பார்க்கப் போனாள்.

நண்பர் போனதும், "ஏன்மா சும்மா இருந்தே?" என்றாள் மனைவி.

"விடுங்க அண்ணி. அடுத்த வருஷம் அந்த நண்பரோட செடியெல்லாம் செத்தா யாரைத் தேடி வருவாரு? அண்ணனைத்தானே."

இருந்ததிலேயே பெரிதாக நாலு பழத்தைப் பறித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.