‘த’வா, ‘ந’வா

பியானோ பழகும் பிள்ளைகள் எல்லாரும் வாசிக்க ஆசைப்படும் அந்தச் சின்ன இசையை நான் முதலில் கேட்டது பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில், அறுபதுகளின் கடைசியில். அங்கே நான் டீச்சர். மடத்து விடுதியில் தனி அறை. நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. அந்தத் தனிமை எனக்குப் பிடிக்கவே இல்லை. பிடித்த மாதிரி நடந்துகொண்டேன்.

வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன பியானோ பள்ளி மண்டபத்தில் இருந்தது. அதைத் தொடுபவர் மடத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர்தான். சாமியாருக்குப் படித்துப் பாதியில் வெளியே வந்தவர். மாலையில் வந்து அந்த ஒன்றையே வாசிப்பார். அடுத்தடுத்த இரண்டு கட்டைகள் மாறி மாறி ஒலிக்கும், ஒரு முடிவுக்கும் வராமல். நான் கடைசி பெஞ்சில் நோட்டுத் திருத்துவதாகப் பாவனை செய்வேன்.

“இது யாருக்காக எழுதுனதுங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுதாங்க டீச்சர் யாருக்கும் தெரியல. காது கேக்காமப் போயிட்டிருந்த மனுசன், ஒரு பொண்ணு பேரைப் போட்டு எழுதி வச்சாரு. அவரு செத்து ரொம்ப வருசம் கழிச்சு ஒருத்தரு அதைப் பாத்துக் காப்பி பண்ணாரு. அந்தப் பேருல எந்தப் பொண்ணுன்னு இன்னும் தேடறாங்க. கையெழுத்து கோழிக் கிறுக்கலாம். காப்பி பண்ணவரு பேரையே தப்பாப் படிச்சிருப்பாருங்கறாங்க. அந்தத் தாளும் தொலஞ்சு போச்சுங்க.”

இவர் கையெழுத்து மட்டும் என்ன வாழ்ந்தது? வெளியூரில் வேலை கிடைத்து, மொரப்பூரில் ரயில் பிடிக்கப் புறப்பட்ட காலையில், அந்த இசையைத் தன் கையால் எழுதிய தாளை மடித்துக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. மேலே ஒரே ஒரு தமிழ்ச் சொல். ‘தங்கைக்கு’. அல்லது ‘நங்கைக்கு’. மேடைத்தமிழ் எல்லார் பேனாவிலும் ஏறியிருந்த காலம் அது. நங்கை என்று எழுதுவதில் அதிசயமில்லை. அடியில் அவருடைய புது விலாசம், ஆங்கிலத்தில். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ‘த’வும் இல்லை, ‘ந’வும் இல்லை.

‘ந’வாக இருக்க வேண்டும் என்றுதான் ஜெபமாலை சொன்னேன். வெட்கமென்ன, விரும்பினேன். பதில் எழுத வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாலாம் நாள் தலைமை சிஸ்டரிடம் தாளைக் காட்டினேன்.

“தங்கைக்குன்னு போட்டிருக்காரு. வேற என்னன்னு போடுவாரு?” என்றார், கண்ணாடிகூடப் போடாமல்.

அந்த ‘வேற என்ன’ என்னை அடக்கிவிட்டது. அன்றே ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று எழுதித் தபாலில் போட்டேன். நான் அப்படி எழுதியது தப்பு என்று அவராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பதிலே வரவில்லை.

எழுபதுகளில் ஒருநாள் அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலையில் பேனாவால் ‘அன்புத் தங்கைக்கு’ என்று எழுதியிருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பத்திரிகையில் ‘த’வின் சுழி பளிச்சென்று இருந்தது. பழைய தாளில் அந்தச் சுழியே இல்லை.

அந்த இசைக்குப் பேர் தந்த பெண் யார் என்று இன்னும் தேடுவதாகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அந்தத் தாள் மட்டும் கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடுமாம். என் தாள் தொலையவில்லை.