சீக்கிரம் வந்த டிராக்டர்

அந்த மலைச்சரிவில் அவளை எல்லோரும் ‘முட்டைக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோழி முட்டை இல்லை, மீன் முட்டை. ஓடையோரத்து மீன் பண்ணையில் வேலை. கூழாங்கல் நிரப்பிய கம்பிப் பெட்டிகளில் முட்டைகளைப் பரப்பி ஓடைக்குள் இறக்கி வைப்பாள். கற்களின் சந்துகளில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முட்டைக்கு அதுதான் மூச்சு.

இந்த ஆண்டு அகப்பட்டது ஒரே ஒரு தாய்மீன். இரண்டே பெட்டி முட்டை. இவையும் போனால் ஓடையில் அந்த இனமே இல்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவள் போல அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கணவன் மேலே காடு வெட்டும் இடத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். வெட்டிய மரங்களைச் சங்கிலியில் கட்டி இழுத்து, ஓடையைக் கடக்கப் பாலம் சுற்றி, லாரி நிற்கும் மேட்டில் சேர்க்க வேண்டும். விடியுமுன் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

“ஒரு நாளாவது வெளிச்சத்துல உங்க மூஞ்சியப் பாக்கக் கூடாதா?” தனக்கு விடுமுறையான ஒரு நாள், அதிகாலையில் அவன் கிளம்பும்போது அவள் பொருமினாள்.

“பாத்தா பயந்துடுவ.”

அன்று வெயில் இறங்கும் முன்பே டிராக்டர் சத்தம் கேட்டது. அவள் மனம் துள்ளியது. சக்கரமெல்லாம் செம்மண் அப்பியிருக்க, மாப்பிள்ளை மிடுக்கோடு இறங்கினான்.

“பாலத்தைச் சுத்தவே இல்ல! காலையிலேருந்து ஓடைக்குள்ளயே குறுக்க இறக்கி இழுத்துட்டேன். எல்லாம் உனக்காகத்தான்!”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் வெறுங்காலோடு ஓடினாள்.

ஓடை செங்குழம்பாக வந்துகொண்டிருந்தது. முதல் பெட்டியைத் தூக்கினாள். சந்தெல்லாம் மெழுகியது போல வண்டல். முட்டைகள் வெளுத்துச் செத்திருந்தன. ஐயோ, அவள் கேட்ட அன்பே அவற்றின் கழுத்தை நெரித்துவிட்டதே!

பின்னாலேயே வந்தவன் தயங்கினான். “சேறு அடங்கினா தெளிஞ்சிடாதா?”

“எங்க அடங்கும்? இதுங்க மேலதான் வந்து அடங்கும்!”

இரண்டாவது பெட்டி பாறை மறைவில் இருந்ததால் பாதிதான் மூடியிருந்தது. சேற்றை விலக்கினாள். கண்ணாடி போன்ற முட்டைகளுக்குள் கருவிழிப் புள்ளிகள் அசைந்தன.

அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். டிராக்டர் இறங்கிய இடத்துக்கும் மேலே, தெளிந்த நீரில், முழங்காலளவு குளிரில் நின்று இறக்கி வைத்தான்.

“நாளைக்கு?”

“பாலம் சுத்தித்தான்.”

“மூஞ்சி?”

“இருட்டுல பாரு. அழகாத் தெரியும்.”

அழுதுகொண்டே சிரித்தாள்.

குஞ்சுகள் பொரித்து நீந்திவிட்டன. ஆனாலும் என்றாவது டிராக்டர் சத்தம் சீக்கிரம் கேட்டால் அவள் முதலில் ஓடி ஓடைத் தண்ணீரைப் பார்ப்பாள். அதன் பிறகுதான் அவன் முகத்தை.