யாரோட அப்பா சார்?

இன்று சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போனேன். கடைக்கார அக்கா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு, போனில் கபடி இறுதிப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுவது அவரது பக்கத்து வீட்டுப் பெண்.

“அவங்கப்பா நேத்து தவறிட்டாரு. பொண்ணுக்கு இன்னும் தெரியாது. மேட்ச் முடியட்டும்னு வூட்ல சொல்லிட்டாங்க” என்றார்.

ஜெயித்துவிட்டார்கள். நேரலையில் தொகுப்பாளர் அந்தப் பெண்ணிடம் மைக்கை நீட்டினார்.

“அப்பா இறந்த மறுநாளே இப்படி ஆடியிருக்கீங்களே, என்ன மனசுங்க உங்களுக்கு.”

அவள் சிரிப்பு மாறாமல் கேட்டாள். “யாரோட அப்பா சார்?”

அக்கா போனை ஐஸ் மேல் கவிழ்த்துவிட்டார்.

“காலைல டிவிக்காரங்க வந்து கேட்டாங்க. நான்தான் சொன்னேன். பொண்ணுக்குத் தெரியாதுன்றத சொல்ல மறந்துட்டேன்.”

கவிழ்ந்த போனிலிருந்து தொகுப்பாளரின் குரல் வந்தது. “இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?”

அவருக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பதில் உங்களிடம் இருந்தால் கீழே போடுங்கள்.