எடை போடாத சிலிண்டர்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பட்டப்பெயர் 'தராசு'. ஆபரேஷன் தியேட்டருக்கு காஸ் சிலிண்டர் கொண்டுபோய் மாட்டுகிற வேலை, பத்தொன்பது வருடமாக. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை எடை போடாமல் உள்ளே விடவே மாட்டார். அந்த வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அது தீரும் வரைக்கும் மீட்டர் முள் நிறைகுடம் மாதிரி அசையாமல் நிற்கும். முள்ளை நம்பினால் மோசம்போக வேண்டியதுதான். "எங்களையும் ஏத்திப் பாருங்கண்ணே" என்று நர்ஸுகள் கிண்டலடிப்பார்கள்.

அவர் தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்றதும் நடுங்கினாள்.

"வயித்துக்குள்ள காஸ் அடிப்பாங்களாமே? வெடிச்சிட்டா?"

"அடி பைத்தியமே! வயிறு உப்பினாத்தான் டாக்டருக்கு உள்ள இடம் கிடைக்கும். நாலு சின்ன ஓட்டையோட வேலை முடிஞ்சிடும். இது தீப்பிடிக்காத காஸ். மிச்சம் மீதி ரத்தத்துல கரைஞ்சு, மூச்சு வழியா வெளிய போயிடும்."

ஆபரேஷன் அன்று லீவு போட்டிருந்தும் மனசு கேட்கவில்லை. சிலிண்டரைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்து வராண்டாவில் உட்கார்ந்தார். தங்கையை உள்ளே கொண்டுபோய் அரைமணி ஆகியிருக்கும். திடீரென்று எழுந்து நின்றார். எடை போட்டோமா? போடவில்லை. முள்ளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், அதுவும் இந்த மனுஷன்!

பாதியில் காஸ் தீர்ந்தால் வயிறு அமுங்கிவிடும். டாக்டருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ரத்தம் கசிந்தால்? தலைதெறிக்க ஓடினார். ஸ்டோரில் ஒன்றை எடை போட்டு, தியேட்டர் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு லீவுதானேண்ணே?"

"எடை போடாம மாட்டிட்டேம்மா. மாத்திடுங்க."

அவள் திரும்பிப் பார்த்தபோது முள் இறங்கத் தொடங்கியிருந்தது. வயிறு அமுங்குவதற்குள் மாற்றிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். தங்கை பிழைத்தாளே என்று, தராசு அத்தனையையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவள் தன் காலாலேயே நடந்து வந்து வண்டியில் ஏறினாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்குண்ணே இப்படி மறந்திருக்க?"

"யாருக்கும் இல்ல," என்றார். "உனக்கு மட்டுந்தான்."